37 பேரைக் கழிக்கும் கணக்கு

ஆகஸ்ட் மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நேரப்படி மாலை 4 மணிக்குள் அந்நாட்டின் 32 தொழில்முறை ஃபுட்பால் அணிகளும் தங்கள் ஆட்டக்காரர் பட்டியலை 53 பேராகச் சுருக்கிவிட வேண்டும். கோடைக்காலப் பயிற்சி முகாமில் ஒவ்வோர் அணியிலும் 90 பேர் வரை இருப்பார்கள். 90-இல் 53 போனால் 37. அதை 32-ஆல் பெருக்கினால் 1,184. ஏறத்தாழ அத்தனை பேருக்குச் சில நாட்களுக்குள் வேலை போகிறது. நிறையப் பேர் இருபதுகளில் இருக்கும் இளைஞர்கள். பள்ளி நாளிலிருந்தே தங்கள் ஊரில் இவனைவிட்டால் ஆளில்லை என்று பெயர் வாங்கியவர்கள்.

செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே அணியில் ஓர் ஊழியர் இருப்பார். ஆட்டக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'டர்க்'. அறைக் கதவைத் தட்டி அவர் சொல்வது பல தலைமுறைகளாக ஒரே செய்திதான்: கோச் கூப்பிடுகிறார், பிளேபுக்கையும் எடுத்துக்கொண்டு வா. பிளேபுக் என்பது அணியின் ஆட்டத் திட்டங்கள் அத்தனையும் அடங்கிய தடித்த கோப்பு. அதைத் திருப்பிக் கேட்டுவிட்டால் பேச வேறொன்றும் இல்லை. இப்போது அந்தக் கோப்பு டேப்லட்டுக்குள் போய்விட்டது. டர்க் அப்படியே இருக்கிறார்.

ஒரு மாதத்துக்குச் சற்றே கூடுதலான பயிற்சி, மூன்று முன்பருவ ஆட்டங்கள். இவற்றை மட்டும் பார்த்து 90 பேரைத் தரம் பிரிக்க முடியுமா? பிரிக்கிறார்கள் என்பது தெரிந்த விஷயம். அந்தத் தீர்ப்பில் எவ்வளவு அறிவு, எவ்வளவு அதிர்ஷ்டம், எவ்வளவு பழைய அபிப்பிராயம் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

ஆட்டத்தைப் பற்றி நாலு வரி. நீள்வட்டப் பந்து, ஒரு பக்கத்துக்கு 11 பேர். ஆட்டம் தொடர்ந்து ஓடாது. ஐந்தாறு விநாடி மோதல், பிறகு இடைவெளி, மறுபடி மோதல். தாக்கும் அணி வேறு, தடுக்கும் அணி வேறு. பந்தை உதைக்கும் தருணங்களுக்கு 'ஸ்பெஷல் டீம்ஸ்' என்று மூன்றாவது ஒரு கூட்டம். தாக்குதலின் மூளை குவார்ட்டர்பேக். பந்தை எறிகிறவர் அவர்தான். நம் கணக்குகளுக்கு அவரே வசதியான ஆள். எறிந்த பந்து சகாவின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று எண்ணிவிடலாம். மற்றவர்கள் செய்வதில் பாதியை எண்ணவே முடியாது.

முன்பருவ ஆட்டம் என்பது சீசன் தொடங்குமுன் ஆடும் ஒத்திகை. 2021 முதல் பெரும்பாலான அணிகளுக்கு மூன்று. அதற்கு முன் நான்கு. இந்த ஒத்திகைகளில் ஓர் அணி எப்படி ஆடியது என்பதிலிருந்து சீசனில் எப்படி ஆடும் என்று ஊகிக்கலாமா? 2008-இல் டெட்ராய்ட் லயன்ஸ் நான்கு முன்பருவ ஆட்டங்களிலும் வென்றது. அடுத்து வந்த சீசனில் 16 ஆட்டங்கள், பதினாறிலும் தோல்வி. ஏதோ ஒருமுறை நடந்த விபத்து என்று தள்ளிவிட முடியாமல் 2017-இல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அதையே அச்சுப் பிசகாமல் செய்துகாட்டியது: நான்கு வெற்றி, பிறகு 16 தோல்வி. மறுபக்கம், 2005-இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் முன்பருவத்தில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. சீசன் தொடங்கியதும் தொடர்ந்து 13 ஆட்டங்களை வென்றது.

மூன்று உதாரணங்களை வைத்து விதி எழுதக்கூடாது. இவை காதில் விழுந்த காரணமே இவை விசித்திரமானவை என்பதுதான். ஆனால் ஏன் இப்படி நடக்க முடிகிறது என்று கேட்டால் விடை எளிது. ஒத்திகையில் அணியின் முதல்தர ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் களத்திலேயே இருப்பதில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் பயிற்சியாளர் ஷான் மெக்வே பல ஆண்டுகளாகத் தன் முக்கிய ஆட்களை முன்பருவத்தில் இறக்குவதே இல்லை. காயம் பட்டால் யார் பொறுப்பு என்பது அவர் கட்சி. ஆட்டத்தின் பிற்பகுதியில் இரண்டு பக்கமும் நிற்பவர்கள் மறுவாரம் டர்க்கைச் சந்திக்கப் போகிறவர்கள். தடுப்புத் திட்டங்களும் வேண்டுமென்றே எளிமையாக வைக்கப்படும். சரக்கு அத்தனையையும் எதிராளிக்கு இப்போதே காட்டுவானேன்? ஆகவே ஒரே இரவில் பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் மூன்று டச்டவுன் அடித்த இளைஞர் யாருக்கு எதிராக அடித்தார் என்ற கேள்வி, எத்தனை அடித்தார் என்பதைவிடப் பெரியது.

சில சமயம் அந்த இளைஞர் நிஜமாகவே கெட்டிக்காரராகவும் இருந்துவிடுவார். 2010 ஆகஸ்டில், புதுமுகங்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் யாரும் எடுக்காத விக்டர் குரூஸ், நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிரான ஒரே முன்பருவ ஆட்டத்தில் 145 யார்டும் மூன்று டச்டவுனும் எடுத்தார். அவர் ஆடிய நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி அவரை வைத்துக்கொண்டது. மறுவருடம் 1,536 யார்டு எடுத்து அந்த அணியின் சாதனையை முறியடித்தார். இந்தக் கதைதான் ஒவ்வோர் ஆகஸ்டிலும் ரசிகர்களை ஏமாற்றுகிறது. குரூஸைப் போல் ஓர் இரவு ஜொலித்துவிட்டு அடுத்த வாரமே காணாமல் போனவர்கள் பட்டியல் மிக நீளம்; அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

எதிராளி ஒரே தரம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு தடை இருக்கிறது. அது எண்ணிக்கை. இரண்டு குவார்ட்டர்பேக்குகள். ஒருவருடைய உண்மையான திறமை 100-க்கு 65 பந்து சேரும், மற்றவருக்கு 60. தொழில்முறை ஆட்டத்தில் இந்த ஐந்து பெரிய வித்தியாசம். ஒருவர் நட்சத்திரம், மற்றவர் மாற்று ஆள் என்று பிரிக்கக்கூடிய அளவு. மூன்று முன்பருவ ஆட்டங்களிலும் சேர்த்து இருவருக்கும் ஆளுக்கு 30 பந்து எறியக் கிடைக்கிறது என்று கொள்வோம். மட்டமானவர் கண்ணுக்குச் சிறந்தவராகத் தெரிந்துவிடும் வாய்ப்பு எவ்வளவு? ஏறத்தாழ மூன்றில் ஒன்று. அந்தத் தவறு இருபதில் ஒன்றாகக் குறைய வேண்டுமென்றால் ஆளுக்குச் சுமார் 500 பந்து எறிந்தாக வேண்டும். அது ஒரு குவார்ட்டர்பேக் ஒரு முழு சீசனில் எறியும் அளவு. அதாவது, இருவரில் யார் சிறந்தவர் என்று ஓரளவு உறுதியாகத் தெரிந்துகொள்ள இருவருக்கும் ஆளுக்கொரு சீசன் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் அது ஆகிற காரியமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது பொய்யில்லை. பானைக்குள் தண்ணீரும் சூடும் எல்லா அரிசிக்கும் ஒன்றுபோல் சேர்வதால்தான் ஒரு பருக்கை மற்றவற்றுக்குச் சாட்சி சொல்ல முடிகிறது. ஓர் ஆட்டக்காரரின் ஒரு நாள் ஆட்டம் அவருடைய மறுநாள் ஆட்டத்துக்கு அப்படிச் சாட்சி சொல்லாது.

இங்கே புள்ளியியல் ஒரு வழி காட்டுகிறது. அது முதலில் கேட்பவருக்குச் சற்று அவமரியாதையாகவே படும். 1956-இல் சார்லஸ் ஸ்டைன் என்ற கணிதவியலாளர் ஒரு வினோதமான முடிவை நிறுவினார். பலரது திறமையை ஒரே சமயத்தில் மதிப்பிட வேண்டியிருந்தால், ஒவ்வொருவரையும் அவரவர் மதிப்பெண்ணை மட்டும் வைத்து மதிப்பிடுவது சிறந்த வழியல்ல. எல்லோரையும் கூட்டத்தின் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிட்டால் மொத்தப் பிழை குறையும். 1977-இல் பிராட்லி எஃப்ரன், கார்ல் மாரிஸ் இருவரும் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் இதை பேஸ்பால் எண்களைக் கொண்டு விளக்கினார்கள். 1970 சீசனில் 18 ஆட்டக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் முதல் 45 அடி வாய்ப்புகள். அந்த 45-ஐ மட்டும் பார்த்துச் சீசனின் மீதிக்கு ஊகம் சொல்ல வேண்டும்.

பட்டியலில் முதலில் நின்றவர் பிட்ஸ்பர்க் பைரட்ஸின் ரொபேர்ட்டோ கிளெமென்ட்டே: 45-இல் 18, அதாவது .400. பதினெட்டுப் பேரின் சராசரி .265. ஸ்டைனின் வழி என்ன சொன்னதென்றால், ஒருவர் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறாரோ அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நம்பு. மீதி நாலு பங்கு அதிர்ஷ்டம் என்று தள்ளு. அப்படிப் பார்த்தால் கிளெமென்ட்டேவுக்கு .294. கேட்க அபத்தமாக இருக்கிறது. ஆனால் சீசன் முடிந்து கணக்குப் பார்த்தபோது, பதினெட்டுப் பேருக்கும் சேர்த்து இந்தச் சுருக்கிய ஊகங்களின் மொத்தப் பிழை, நேரடி மதிப்பெண்ணை நம்பியதன் பிழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

நான் இந்த உதாரணத்தை இங்கே கொண்டுவந்தது அந்த வெற்றிக்காக மட்டும் இல்லை. கிளெமென்ட்டேவிடம் சூத்திரம் தோற்றது. சீசனின் மீதியில் அவர் அடித்தது .346. சூத்திரம் அவரை அளவுக்கு மீறிக் கீழே இழுத்துவிட்டது. ஏன்? அதற்கு அவர் யார் என்று தெரியாது. அதற்கு முன்பே நான்கு முறை தன் லீக்கின் தலைசிறந்த அடிப்பாளர் பட்டம் வாங்கியவர் என்பது 45 வாய்ப்புகளுக்குள் எழுதப்பட்டிருக்கவில்லை. ஊரிலுள்ள எந்த பேஸ்பால் ரசிகனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்.

புதிய சான்று குறைவாக இருக்கும்போது பழைய அறிவு அதிகம் பேச வேண்டும். நல்ல பயிற்சியாளர்கள் இந்தக் கணக்கை எழுதிப் பார்ப்பதில்லை. ஆனால் அதன்படிதான் நடக்கிறார்கள். முன்பருவ ஆட்டத்தில் ஒரு புதுமுகம் கலக்கினால் அரங்கம் எழுந்து நிற்கும், கோச் அசையமாட்டார். அவர் பார்த்தது அந்த இரவை மட்டுமல்ல. முகாமில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மோதலும் உயரத்திலிருந்து பக்கவாட்டிலும் பின்புறத்திலும் படம் பிடிக்கப்படுகிறது. சாயங்காலம் உதவிப் பயிற்சியாளர்கள் அறையை இருட்டாக்கி, ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு மோதலுக்கும் கூட்டல் குறி அல்லது கழித்தல் குறி போடுகிறார்கள். பந்து போன திசையையே பார்ப்பதில்லை. தாக்கும் அணியின் முன்வரிசையில் இடது ஓரத்து ஆள் முதல் அடியை எந்தக் காலில் வைத்தான், எதிராளியின் தோளை உள்பக்கம் பிடித்தானா வெளிப்பக்கமா, திட்டத்தில் அவனுக்கு எழுதியிருந்த வேலை இதுதானா என்று பார்ப்பார்கள். பந்து வேறெங்கோ போய் டச்டவுனே ஆகியிருக்கலாம், இவனுக்குக் கழித்தல்தான். டெலிவிஷனில் நாம் பார்ப்பது விளைவு. அவர்கள் குறி போடுவது செயலுக்கு. ஒரு ஆட்டத்தில் பந்து ஒரு ரிசீவரிடம், அதாவது எறிந்த பந்தைப் பிடிப்பவரிடம், இரண்டு முறை வரலாம். ஆனால் அவர் ஓடியது முப்பது முறை. மதிப்பெண் அந்த முப்பதுக்கும். சான்றைப் பெருக்குவதற்கு இதைவிட நல்ல வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

பழைய அறிவில் ஒரு நஞ்சும் கலந்திருக்கிறது. ஓர் ஆட்டக்காரரைப் பற்றி அணிக்கு முன்பே தெரிந்த விஷயங்களில் பெரியது, அவரை எந்த விலைக்கு எடுத்தோம் என்பது. கல்லூரி முடித்த இளைஞர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஏழு சுற்று நடக்கும். முதல் சுற்றில் எடுத்தவர் அணியின் பெரிய முதலீடு. ஏழாம் சுற்றுக்காரர் சில்லறை. அந்த வரிசை எண் எவ்வளவு நம்பத்தக்கது? பொருளாதார நிபுணர்கள் கேட் மாஸி, ரிச்சர்ட் தாலர் இருவரும் இதைச் சோதித்தார்கள். அதே நிலையில் ஆடும் இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு 100-க்கு 52 அளவில்தான் இருந்தது. காசைச் சுண்டினாலே 50 கிடைக்கும். டிராஃப்ட் பயனற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. முதல் சுற்றுக்காரர்கள் மொத்தத்தில் கடைசிச் சுற்றுக்காரர்களைவிடச் சிறந்தவர்கள்தான். பக்கத்துப் பக்கத்து ஆட்களைப் பிரிக்கும் நுட்பம் நிபுணர்களுக்கு இல்லை, இருப்பதாக அவர்கள் நம்புகிறார்கள் என்பதே சேதி.

விலை கொடுத்து வாங்கியதை எறிய மனம் வராது. 1995-இல் பேரி ஸ்டா, ஹா ஹோவாங் இருவரும் கூடைப்பந்து லீக்கில் இதைத் தேடினார்கள். 1980 முதல் 1986 வரை எடுக்கப்பட்ட ஆட்டக்காரர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் அடித்த புள்ளி, பட்ட காயம் எல்லாவற்றையும் கணக்கில் கழித்துவிட்ட பிறகும், முன்னால் எடுக்கப்பட்டவருக்குக் களத்தில் அதிக நேரம் கிடைத்தது; லீக்கில் அதிக ஆண்டுகள் நீடித்தார். நாலு ஆண்டு கழித்து காமரர், வெபர் என்ற இருவர் அதே கேள்வியை இன்னும் கறாராகக் கேட்டார்கள். விளைவு சிறுத்தது, மறையவில்லை. போட்ட பணம் போனதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஆளை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவரே இன்று அவரை நீக்கலாமா என்ற கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறார் அல்லவா?

2022 ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் இந்தச் சோதனையில் ஒரே சமயம் தேறியது, தோற்றது. அணியில் நான்கு குவார்ட்டர்பேக்குகள். முதலாமவர் டிரே லான்ஸ். முந்தைய ஆண்டு டிராஃப்ட்டின் மூன்றாவது ஆளாக எடுத்தவர். அந்த இடத்துக்கு முன்னேறுவதற்காகவே அணி மூன்று முதல்சுற்று உரிமைகளை மயாமிக்குத் தாரை வார்த்திருந்தது. இரண்டாமவர் ஜிம்மி கராப்போலோ, பழைய கை. மூன்றாமவர் நேட் சட்ஃபெல்ட். அவருடைய ஒப்பந்தத்தில் 20 லட்சம் டாலர் உத்தரவாதம், வைத்துக்கொண்டாலும் நீக்கினாலும் கொடுத்தே தீர வேண்டும். நான்காமவர் பிராக் பர்டி. அந்த ஆண்டு டிராஃப்ட்டில் எடுக்கப்பட்ட 262 பேரில் 262-ஆவது. கடைசியாக எடுக்கப்படுகிறவருக்கு 'மிஸ்டர் இர்ரெலவன்ட்' என்று கேலிப்பட்டம் கொடுத்து விழா எடுப்பது அங்கே வழக்கம். பொருட்படுத்தத் தேவையில்லாதவர் என்று அர்த்தம்.

மூன்றாவது இடம் சட்ஃபெல்டுக்கா பர்டிக்கா? ஆறு ஆண்டு அனுபவம் ஒரு பக்கம், கடைசி எண் ஒரு பக்கம். போட்ட 20 லட்சத்துக்கு மரியாதை கொடுத்திருந்தால் பர்டி போயிருப்பார். அணி சட்ஃபெல்டை நீக்கியது. அவர் சில நாட்களிலேயே டெட்ராய்ட்டில் சேர்ந்தார். சீசனின் இரண்டாவது வாரம் லான்ஸுக்குக் கணுக்கால் முறிந்தது. டிசம்பரில் கராப்போலோவுக்குப் பாதம் உடைந்தது. களத்துக்கு வந்த பர்டி அணியை லீக்கின் அரையிறுதி வரை கொண்டுபோனார், மறு சீசனில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரைக்கும். லான்ஸை 2023 ஆகஸ்டில், பட்டியல் நாளுக்குச் சில நாள் முன்பு, ஒரே ஒரு நான்காம் சுற்று உரிமைக்கு டாலஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்று முதல்சுற்று கொடுத்து வாங்கி ஒரு நான்காம் சுற்றுக்கு விற்பது வெட்கக்கேடு. கேலி செய்தவர்கள் நிறைய. வாங்கியது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். விற்றதை நான் அந்த நிர்வாகம் செய்த மிகத் துணிச்சலான காரியமாகவே பார்க்கிறேன்.

பர்டியை வைத்துக்கொண்டதற்கு அவர் சட்ஃபெல்டைவிடச் சிறந்தவர் என்ற உறுதி தேவையாக இருக்கவில்லை. அந்த ஆகஸ்டில் யாருக்கும் அது தெரிந்திருக்க வழியுமில்லை. முப்பது வயதை நெருங்கும் ஆட்டக்காரர் எப்படி ஆடுவார் என்பது ஏறத்தாழத் தெரியும். கூடினாலும் குறைந்தாலும் கொஞ்சம்தான். 22 வயதுக்காரர் படு மோசமாகவும் போகலாம், எதிர்பாராத உயரத்துக்கும் போகலாம். மோசமாகப் போனால் அடுத்த ஆண்டு நீக்கிவிடலாம். நஷ்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. உயரத்துக்குப் போனால் லாபத்துக்கு எல்லை இல்லை. இருவரின் சராசரி மதிப்பீடும் சமம் என்றால் அதிகம் தெரியாத ஆளையே வைத்துக்கொள்ள வேண்டும். நிதிச் சந்தையில் ஆப்ஷன் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தர்க்கம் பழக்கம்: நிச்சயமின்மையே அங்கே சரக்கு.

இதோடு இன்னொரு சமனின்மையும் சேர்கிறது. நீக்கப்பட்டவர் திரும்பக் கிடைப்பாரா? நான்கு சீசன் சேவை முடிக்காத ஆட்டக்காரரை நீக்கினால் அவர் 'வெய்வர்' என்ற பட்டியலுக்குப் போவார். மறுநாள் மதியம் வரை மற்ற 31 அணிகளும் அவரைக் கேட்கலாம். பலர் கேட்டால் முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை. யாரும் கேட்காவிட்டால் பழைய அணியே அவரைத் தன் 16 பேர் கொண்ட பிராக்டிஸ் ஸ்குவாடில் சேர்த்துக்கொள்ளலாம். 2024 கணக்கில் அங்கே குறைந்தபட்ச வாரச் சம்பளம் 12,500 டாலர். 53 பேரில் ஒருவராக இருக்கும் புதுமுகத்துக்கோ ஆண்டுக்குக் குறைந்தது 7,95,000 டாலர். நான்கு சீசன் முடித்த மூத்தவருக்கு இந்த நேரத்தில் வெய்வர் கிடையாது. நீக்கியதும் அவர் சுதந்திரப் பறவை. ஆகவே செவ்வாய் மாலை ஒரு மூத்தவரை நீக்கிவிட்டு, ரெண்டு நாள் வீட்டில் இரு, காயம்பட்டவரைத் தனிப் பட்டியலுக்கு மாற்றியதும் கூப்பிடுகிறோம் என்று கைகுலுக்கி அனுப்புவதும் உண்டு. செவ்வாய்க்கிழமைப் பட்டியலைப் பார்த்து யார் சிறந்தவர் என்று முடிவுகட்டுகிற ரசிகர் இங்கேதான் ஏமாறுகிறார். அந்தப் பட்டியலில் இருப்பவர்களில் சிலர் திறமையால் இருக்கிறார்கள். சிலர், வெளியே விட்டால் பறிபோய்விடுவார்கள் என்பதால்.

பறிபோவார்கள் என்ற பயம் உண்மை நிலவரத்தைவிடப் பெரியது. ஆயிரத்துக்கு மேல் நீக்கப்படுகிறவர்களில் வெய்வரில் பிற அணிகள் கேட்டு எடுப்பது சில பத்துப் பேரைத்தான். ஒவ்வோர் அணிக்கும் தன் 54-ஆவது ஆள் தங்கமாகத் தெரிகிறார். மற்ற 31 அணிகளுக்கும் அவரவர் 54-ஆவது ஆள் இருக்கிறார் என்பது மறந்துபோகிறது. தன் கைப்பொருளுக்கு அதிக மதிப்புக் கொடுக்கும் இந்தப் பழக்கத்தை ஆராய்ந்து பெயர் பெற்றவர் மேலே சொன்ன அதே ரிச்சர்ட் தாலர்தான். விதிவிலக்குகள் வலிக்கும் என்பது வேறு விஷயம். ரஹீம் மோஸ்டர்ட்டை ஆறு அணிகள் நீக்கின. ஏழாவதாக வந்த ஃபார்ட்டிநைனர்ஸுக்காக 2020 ஜனவரியில் ஒரே ஆட்டத்தில் 220 யார்டு ஓடி நான்கு டச்டவுன் எடுத்தார்.

இதுவரை ஒவ்வோர் ஆளையும் தனித்தனியே எடை போட்டோம். பட்டியல் அப்படிப் போடப்படுவதில்லை. 53-இல் ஏறத்தாழ 25 தாக்குதலுக்கு, 25 தடுப்புக்கு, மீதி மூன்று, உதைப்பவர்கள் இருவருக்கும் அவர்களுக்குப் பந்தைப் பின்னால் தள்ளிக்கொடுப்பவருக்கும். அணியின் ஆறாவது சிறந்த ரிசீவர் வேறு இடமென்றால் வென்றிருப்பார். இங்கே ஐந்து பேருக்குத்தான் வேலை. ஆறாவது இடம் ஒருவருக்குக் கிடைக்க வேண்டுமென்றால் அவர் வேறொன்றும் செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

மேத்யூ ஸ்லேட்டரைப் பாருங்கள். 2008-இல் நியூ இங்கிலண்ட் பேட்ரியட்ஸ் ஐந்தாம் சுற்றில் எடுத்த ரிசீவர். பதினாறு சீசன் ஆடினார். அத்தனை ஆண்டில் அவர் பிடித்த பந்து ஒன்றே ஒன்று. ரிசீவர் என்ற பெயருக்கு இதைவிட மோசமான கணக்கு இருக்க முடியாது. ஆனால் பத்து முறை லீக்கின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் வேலை வேறு. தன் அணி பந்தை உதைத்து எதிராளிக்கு அனுப்பும்போது மைதானத்தின் ஓரக்கோட்டில் நிற்பார். எதிரே அவரை மறிக்கவென்றே ஒருவர், சில சமயம் இருவர். உதைப்பவருக்குப் பந்து பின்னால் தள்ளப்பட்ட நொடியில் ஓடத் தொடங்கி, மறிப்பவர்களின் கையைத் தட்டிவிட்டு, கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டால் உடனே உள்ளே வந்து, நாற்பது ஐம்பது யார்டு தாண்டி, பந்து கீழே வரும் அதே சமயத்தில் அதைப் பிடிப்பவர் முன்னால் போய் நிற்க வேண்டும். ஒரு விநாடி தாமதித்தால் எதிராளி பத்து யார்டு கூடுதலாக ஓடிவிடுவான். ஸ்டேடியத்தில் பாதிப்பேர் அப்போது பாப்கார்ன் வாங்கப் போயிருப்பார்கள். பட்டியலின் கடைசிப் பத்து இடங்கள் பெரும்பாலும் இந்த ஓட்டத்தில்தான் முடிவாகின்றன.

நீக்கப்பட்டுப் பின்னால் புகழ்பெற்றவர்களின் கதைகளை அமெரிக்கர்கள் விரும்பிச் சொல்வார்கள். அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், உள்ளே நேரெதிர்.

1994-இல் கிரீன் பே பேக்கர்ஸ் முகாமிலிருந்து கர்ட் வார்னர் நீக்கப்பட்டார். அயோவாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இரவு நேரத்தில் அலமாரிகளில் சரக்கு அடுக்கினார். உள்ளரங்க ஃபுட்பால், பிறகு ஆம்ஸ்டர்டாமில் ஓர் அணி என்று சுற்றிவிட்டு செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு வந்தார். 1999 முன்பருவத்தில் அங்கே முதல் குவார்ட்டர்பேக்குக்கு முழங்கால் போக, வார்னர் களமிறங்கினார். அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் சூப்பர் பவுலும் அவருக்கு. கிரீன் பே கோட்டை விட்டதா? அந்த முகாமில் அவருக்கு முன்னால் நின்றவர்கள் பிரெட் ஃபார்வ், மார்க் புரூனல், டை டெட்மர். ஃபார்வ் அடுத்த ஆண்டிலிருந்து தொடர்ந்து மூன்று முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். புரூனல் பின்னால் வேறோர் அணியில் பல ஆண்டு முதல் ஆளாக இருந்தார். அன்று தெரிந்திருந்ததை வைத்துப் பார்த்தால் வார்னரை நீக்கியது சரியான முடிவு. பலன் எப்படி வந்தாலும் அது சரியான முடிவுதான்.

1955-இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் தன் ஊர்ப் பையன் ஜானி யுனைடஸை ஒன்பதாம் சுற்றில் எடுத்தது (அன்று டிராஃப்ட்டில் சுற்றுகள் அதிகம்). முகாம் முடிவில் நீக்கியது. அவர் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டு, ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு புளூம்ஃபீல்டில் ஓர் உள்ளூர் அணியில் ஆடினார். மறுவருடம் பால்டிமோர் கோல்ட்ஸ் கூப்பிட்டது. 1958, 1959 இரண்டு ஆண்டும் அந்த அணி சாம்பியன். ஸ்டீலர்ஸின் அந்த முகாமில் யுனைடஸுக்கு மேலே மூன்று பேர் இருந்தார்கள். மூவரில் ஒருவரும் ஃபார்வ் இல்லை. ஆனால் என் புகார் அதுவும் இல்லை. முன்பருவ ஆட்டங்களில் அவருக்கு ஒரே ஒரு பந்துகூட எறிய வாய்ப்புத் தரவில்லை.

ஒரு கால்பகுதி ஆட்டம் கொடுத்திருந்தால் தெரிந்திருக்குமா என்று கேட்கலாம். நம் கணக்குப்படியே பத்துப் பந்தில் எதுவும் நிரூபணமாகாது. ஆனால் ஒருவரைப் பற்றி ஏற்கெனவே நிறையத் தெரியும்போது பத்துப் பந்து ஒன்றும் சேர்க்காது. ஒன்றுமே தெரியாதபோது முதல் பத்துப் பந்து சேர்ப்பதைப்போல அடுத்து வரும் எந்தப் பத்தும் சேர்க்காது. முதலிடத்துக்காரர் எறிவதைப் பார்த்து பிட்ஸ்பர்க் புதிதாக எதையும் கற்றிருக்க முடியாது. கடைசி ஆளிடம் கற்க வேண்டியிருந்தது முழுவதும் பாக்கி. அதற்குத் தேவைப்பட்டது 15 நிமிடம், அதுவும் வெற்றி தோல்வி எந்தப் புள்ளிப்பட்டியலிலும் ஏறாத ஓர் ஆட்டத்தில்.